ட்ராக் 07-க்குப் பேர் என்ன பாஸ்?



இந்த வாரம் ஒரு குட்டி ஃப்ளாஷ்பேக்கோட ஆரம்பிக்கலாம். வருஷம் 2004. எங்க ஹாஸ்டல் செகண்ட் ஃப்ளோர்ல மொத்தமே ஒரு கம்ப்யூட்டர்தான். அதுக்கு ஓனர் ஒரு ஃபைனல் இயர் சீனியர். ராத்திரி மெஸ்ஸில் சப்பாத்தி, குருமாவை ஒரு வழி பண்ணிட்டு, நாங்க பத்துப் பதினஞ்சு பேர் அவர் ரூமில் போய் அடைஞ்சுக்குவோம். கட்டிலில் ஆறு பேர், ஜன்னல் திண்டில் ரெண்டு பேர், மிச்சப் பேர் தரையில்.

பியான்ஸேயின் ‘கிரேஸி இன் லவ்’ வெளியாகி அப்போ ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்தப் பாட்டு ஆரம்பிக்கும்போதே டிரம்பெட் கோஷ்டி ஒண்ணா முழங்குமே... அதைக் கேட்டாலே ரூம் மொத்தமும் எழுந்து ஆடும். ஒருநாள் சீனியர் ஒரு எம்பி3 சி.டி.யைப் போட்டார். அதே டிரம்பெட்! ஆனா பாடுறது பியான்ஸே இல்லை. யாரோ ஆம்பிளைங்க கூட்டமா பாடுறாங்க. ரொம்பப் பழைய ரெக்கார்டிங் வேற.

“அண்ணா, இது என்ன பாட்டு?”

ஸ்கிரீனை எட்டிப் பார்த்தா ‘ட்ராக் 07’ அப்படின்னு மட்டும் இருக்கு. ட்ராக் 08-ம் அப்படித்தான். சி.டி. முழுக்க அப்படித்தான். மனுஷன் மெனக்கெட்டு உட்கார்ந்து எல்லாப் பேரையும் மாத்தி வெச்சிருக்கார்!

“பேரைச் சொல்லிட்டா அப்புறம் என் ரூமுக்கு எவன்டா வருவான்?” - சிரிச்சுக்கிட்டே சொன்னார்.

விடுவேனா நான்? விட்டுத்தான் ஆகணும். ஏன்னா, அப்போ போனைக் காதுக்குப் பக்கத்தில் காட்டினா பாட்டுப் பேரைச் சொல்ற வசதியெல்லாம் எங்க கையில் கிடையாது. அந்த டிரம்பெட்டை மட்டும் வாயாலேயே வாசிச்சுக்கிட்டு ஒரு வருஷம் சுத்தினேன்.

அப்புறம் ஒருநாள் திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் ரோடு பிளாட்பாரத்தில், பழைய புத்தகக் குவியலுக்குள்ளே, அட்டை கிழிஞ்ச ஒரு வெளிநாட்டு மியூசிக் மேகஸின். விலை பத்து ரூபாய். பஸ்ஸில் உட்கார்ந்து புரட்டினா, இந்தக் காலத்து ஹிட் பாட்டுகளுக்குள்ளே ஒளிஞ்சிருக்கிற பழைய பாட்டுகள் எதுன்னு ஒரு பக்கம். அதில் ஒரு வரி. ‘கிரேஸி இன் லவ்’ டிரம்பெட் எங்கேயிருந்து வந்தது? சிகாகோவைச் சேர்ந்த ‘த ஷை-லைட்ஸ்’ குழு 1970-ல் பாடிய ‘ஆர் யூ மை உமன்’ பாட்டிலிருந்து!

இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுட்டேன். கவலையே இல்லை. ட்ராக் 07-க்குப் பேர் கிடைச்சிடுச்சு!

பேர் தெரிஞ்சா பாதி தெரிஞ்ச மாதிரி

பத்து ரூபாய் மேகஸின் எனக்குக் காட்டினது ஒரு பாட்டை மட்டும் இல்லை, ஒரு பெரிய பரம்பரையை. டான்ஸ் பாட்டு, சோல் பாட்டு எல்லாம் உலகம் முழுக்கப் பரவினதுக்குப் பின்னாடி சில பத்திரிகைகளும், அதில் பத்தி எழுதின சில மனிதர்களும் இருக்காங்க. அவங்க செஞ்ச வேலை கேட்க சிம்பிளாத்தான் இருக்கும். நல்ல பாட்டைக் கேட்டாங்க. அது யார் பாடினது, எந்தக் கம்பெனி போட்டதுன்னு விடாமல் எழுதினாங்க. அவ்வளவுதான்!

ஆனா ‘பேர்’ங்கிறது சின்ன விஷயம் இல்லை பாஸ். அமெரிக்காவில் ‘பில்போர்டு’ என்ற பத்திரிகை பாட்டு விற்பனைப் பட்டியல் போடும். கறுப்பின மக்களின் இசைக்குத் தனிப் பட்டியல். 1940-களில் அதன் தலைப்பு என்ன தெரியுமா? ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’. அதாவது, ‘இன’ ரெக்கார்டுகள். அங்கே நிருபராக இருந்த ஜெர்ரி வெக்ஸ்லர் வேறொரு பெயர் சொன்னார். 1949 ஜூனில் தலைப்பு மாறியது: ‘ரிதம் அண்ட் ப்ளூஸ்’. இன்னிக்கு நாம ‘ஆர் அண்ட் பி’ன்னு ஸ்டைலா சொல்றோமே, அது ஒரு பத்திரிகை ஆபீஸில் வெச்ச பேர்தான். 1969-ல் அதே பட்டியலுக்கு ‘சோல்’ என்று பெயர் வந்தது.

அப்போ பாட்டு வந்தது 7 இன்ச் இசைத்தட்டில். முன்பக்கம் ஒரு பாட்டு, பின்பக்கம் ஒரு பாட்டு. முன்பக்கம், அதாவது ஏ-சைடு, கம்பெனி நம்பிப் பணம் போடும் பாட்டு. பின்பக்கம், அதாவது பி-சைடு, பெரும்பாலும் ஒப்புக்குச் சப்பாணி. ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கம்பெனிகள். ரேடியோவில் வராத பாட்டு செத்த மாதிரிதான். நல்லா இருக்கான்னு கேட்டுப் பார்த்து வாங்கலாம்னா, உங்க ஊர்க் கடைக்கு அந்தத் தட்டே வராது. இந்த இருட்டில் டார்ச் அடிச்சவங்கதான் நம்ம பத்திரிகைக்காரங்க.

ஐஸ்கிரீம் கடை ஜூக்பாக்ஸ்

முதல் ஆள், டேவ் கோடின். இங்கிலாந்துக்காரர். 1950-களில், ஸ்கூல் பையனா இருந்தப்போ, ஒரு ஐஸ்கிரீம் கடை ஜூக்பாக்ஸில் ரூத் பிரவுன் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பாடகியின் குரலைக் கேட்டார். ஆள் ஃப்ளாட்! அன்னிக்குப் பிடிச்ச பைத்தியம் கடைசி வரைக்கும் தெளியவே இல்லை.

அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்து மோட்டவுன் கம்பெனியின் பாட்டுகளுக்காகவே 1960-களின் ஆரம்பத்தில் இங்கிலாந்தில் ஒரு ரசிகர் மன்றம் ஆரம்பிச்சார். அவர் எழுதிய கடிதங்களைப் பார்த்து அசந்துபோய், மோட்டவுன் முதலாளி பெர்ரி கோர்டி அவரை டெட்ராய்ட்டுக்கே வரவழைச்சார்! 1965-ல் ‘டாம்லா மோட்டவுன்’ என்ற பேரில் இங்கிலாந்துக்குன்னே ஒரு லேபிள் தொடங்கினதில் கோடினின் யோசனையும் உண்டு. ஒரு ரசிகர், சொந்தமா எந்தப் பின்புலமும் கிடையாது. ஆனா பேர், ஊர், தட்டு நம்பர் எல்லாம் விரல்நுனியில்.

அப்புறம் லண்டனில் ‘சோல் சிட்டி’ன்னு ரெக்கார்டு கடை போட்டார். 1967-ல் ஜான் ஆபி தொடங்கிய ‘ப்ளூஸ் அண்ட் சோல்’ பத்திரிகையில் பத்தியும் எழுதினார். இங்கேதான் கதையில் ட்விஸ்ட்.

தங்கள் ஊர் ஃபுட்பால் டீமுக்குக் கத்துறதுக்காக வட இங்கிலாந்துப் பையன்கள் லண்டனுக்கு வருவாங்க. மேட்சுக்கு வந்தவங்க அப்படியே கோடின் கடைக்கும் வருவாங்க. லண்டனில் அப்போ லேட்டஸ்ட் ஃபங்க் பாட்டுக்குத்தான் மவுசு. இவங்களோ, “அதெல்லாம் வேணாம், 1965, 66-ல் வந்த மாதிரி வேகமா, தாளம் தட்டுற மாதிரி பாட்டு இருக்கா?”ன்னு கேட்பாங்க. கோடின் தன் கடைப் பையன்களிடம் சொன்னார்: வடக்கத்திப் பசங்க வந்தா, இந்த ‘நார்தர்ன் சோல்’ பாட்டுகளை எடுத்துப் போடுங்க. கடைக்குள்ளே பேசிக்கிட்ட அந்த வார்த்தை 1970-ல் அவர் பத்தியில் அச்சேறியது. மான்செஸ்டரில் ‘ட்விஸ்டட் வீல்’ கிளப்புக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதினார்.

யோசிச்சுப் பாருங்க. டெட்ராய்ட்டிலும் சிகாகோவிலும் பாடி, விற்காமல் போய், பாடினவங்களே மறந்துபோன பாட்டுகள். அதுக்கு அட்லாண்டிக் கடலைத் தாண்டி, மில்களும் சுரங்கங்களும் இருந்த ஊர்களில் ராத்திரி முழுக்க ஆட்டம்! ‘த டாம்ஸ்’ குழு 1964-ல் போட்ட ‘ஹே கேர்ள் டோன்ட் பாதர் மீ’ பாட்டு, ஏழு வருஷம் கழிச்சு 1971-ல் இங்கிலாந்தில் நம்பர் ஒன். கிளப்பில் ஆடினவங்க கேட்டுக் கேட்டு மேலே கொண்டுவந்த பாட்டு அது.

லேபிளை ஒட்டி மறைச்ச கதை

இப்போ என் சீனியருக்கு வருவோம். அவருக்கு முன்னாடியே அந்த டெக்னிக்கைக் கண்டுபிடிச்சவங்க உண்டு!

நார்தர்ன் சோல் கிளப்களில் டி.ஜே.க்களுக்குள்ளே பயங்கரப் போட்டி. யாரிடமும் இல்லாத தட்டு யார்கிட்ட இருக்கோ அவன்தான் ராஜா. அதனால், தட்டின் நடுவில் இருக்கிற லேபிள் மேலே வெள்ளைப் பேப்பரை ஒட்டிடுவாங்க. பாடினவர் பேரையும் பாட்டுப் பேரையும் பொய்யா மாத்திச் சொல்லுவாங்க. இதுக்குப் பேரே ‘கவர்-அப்’. எதிராளி அந்தப் பொய்ப் பேரை வெச்சுக்கிட்டு அமெரிக்கா முழுக்கத் தேடிச் சாகணும்!

ஃபிராங்க் வில்சன்னு ஒருத்தர். மோட்டவுனில் பாட்டு எழுதி, தயாரிச்சவர். 1965-ல் அவரே பாடிய ‘டூ ஐ லவ் யூ’ என்ற தட்டு கடைக்கு வராமலேயே அழிக்கப்பட்டது. விரல் விட்டு எண்ணக்கூடிய காப்பிகள்தான் தப்பிச்சது. வட இங்கிலாந்தின் விகன் கேஸினோ கிளப்பில் அந்தப் பாட்டு சூப்பர் ஹிட். ஆனா என்ன பேரில் போட்டாங்க? ‘எடி ஃபாஸ்டர்’! வேற ஒரு பாடகர் பேர். அந்தப் பொய்ப் பேரிலேயே திருட்டுத் தட்டும் அச்சடிச்சு வித்தாங்க. ஆடினவங்க ஆயிரக்கணக்கில். பாடினது ஃபிராங்க் வில்சன்னு அவங்களில் எத்தனை பேருக்குத் தெரிஞ்சிருக்கும்? அசல் தட்டின் ஒரு காப்பி 2009-ல் ஏலத்தில் 25 ஆயிரம் பவுண்டுக்கு மேல் போனது.

பேரை மறைக்கிறது விளையாட்டு மாதிரி தெரியும். ஆனா பேர் இல்லாத பாட்டுக்குப் பணம் யாருக்குப் போகும்? பாடினவரைத் தேடி யார் போவாங்க? அதனால்தான் சொல்றேன்... பேரை அச்சில் போட்ட பத்திரிகைக்காரர் வெறும் தகவல் சொல்லலை. ஒரு நியாயம் பண்ணினார்.

ரிஹானாவுக்குள்ளே ரெண்டு பாட்டி வைத்தியம்!

உங்களுக்குத் தெரிஞ்ச பாட்டிலேயே வர்றேன். 2006-ல் வந்த ரிஹானாவின் ‘எஸ்.ஓ.எஸ்.’ கேட்டிருப்பீங்க. அதன் அடியில் ஓடுற அந்த ‘டிங் டிங்’ சின்தஸைஸர், ‘சாஃப்ட் செல்’ என்ற ஆங்கில ஜோடி 1981-ல் போட்ட ‘டெயின்டட் லவ்’ பாட்டுடையது. அது இங்கிலாந்தில் நம்பர் ஒன். ஆனா அதுவும் அசல் இல்லை! 1965-ல் குளோரியா ஜோன்ஸ் பாடியது. அதுவும் பி-சைடில். சுத்தமா ஓடலை. 1973-ல் அமெரிக்கா போன ரிச்சர்ட் சியர்லிங் என்ற ஆங்கில டி.ஜே. அந்தத் தட்டை வாங்கிட்டு வர, நார்தர்ன் சோல் கிளப்களில் அது பத்திக்கிச்சு. சாஃப்ட் செல்லின் டேவ் பால் ஒரு நார்தர்ன் சோல் ரசிகர். அப்படித்தான் அது அவங்க கைக்கு வந்தது. பி-சைடில் படுத்த பாட்டு, கை மாறிக் கை மாறி, 41 வருஷம் கழிச்சு ரிஹானா வரைக்கும் வந்துடுச்சு.

இன்னொண்ணு. 2007-ல் வந்த ‘டோன்ட் ஸ்டாப் த மியூசிக்’. அதில் ‘மாம்மா ஸே’ன்னு ஒரு கோஷம் வருமே? ‘அது மைக்கேல் ஜாக்சன் பாட்டாச்சே’ன்னு சொல்வீங்க. கரெக்ட். ஆனா அவருக்கும் முன்னாடி 1972-ல் கேமரூன் நாட்டு சாக்ஸஃபோன் கலைஞர் மனு டிபாங்கோ போட்ட ‘சோல் மகோஸா’ உண்டு. அதுவும் பி-சைடு! ஏ-சைடில் இருந்தது கேமரூன் ஃபுட்பால் டீமுக்கான பாட்டு.

அது நியூயார்க்குக்கு எப்படி வந்தது? அங்கே டேவிட் மன்குஸோன்னு ஒருத்தர், 1970-லிருந்து தன் வீட்டையே டான்ஸ் ஹாலாக மாத்தி ‘த லாஃப்ட்’ன்னு பார்ட்டி நடத்தினார். புரூக்ளினில் மேற்கிந்தியத் தீவுக்காரர்களின் ரெக்கார்டு கடையில் இந்தத் தட்டைக் கண்டுபிடிச்சார். ஆட்டம் தாங்கலை. கிளப்பிலிருந்து ரேடியோவுக்குப் போய், 1973-ல் பில்போர்டு பட்டியலில் 35-வது இடம் வரைக்கும் ஏறியது. டிபாங்கோ பின்னாளில் தன் கோஷத்துக்காகக் கோர்ட்டுக்குப் போனதும், மைக்கேல் ஜாக்சன் தரப்பு பணம் கொடுத்து சமாதானம் ஆனதும் தனிக் கதை. பேர் அச்சில் இருந்ததால் கேட்க முடிஞ்சது, கவனிச்சீங்களா?

வாரம் ஒரு லிஸ்ட்

அந்த லாஃப்ட் பார்ட்டிகளில் ஆடிக்கிட்டிருந்த ஒருத்தர்தான் நம்ம ரெண்டாவது ஹீரோ, வின்ஸ் அலெட்டி. 1973-ல் ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகையில் டிஸ்கோ பற்றி அவர் எழுதியதுதான், இந்த விஷயத்தைப் பற்றி அச்சில் வந்த முதல் கட்டுரைகளில் ஒன்று. 1974-லிருந்து ‘ரெக்கார்டு வேர்ல்டு’ என்ற வியாபாரப் பத்திரிகையில் ‘டிஸ்கோ ஃபைல்’ன்னு பத்தி.

அவர் பாணி என்னன்னா, தன் ரசனையை மட்டும் கொட்ட மாட்டார். வாராவாரம் டி.ஜே.க்களுக்கு போன் போட்டு, ‘நேத்து ராத்திரி உங்க ஃப்ளோரை அதிர வெச்ச பாட்டு எது?’ன்னு கேட்டு, அவங்க டாப்-10 லிஸ்ட்டை கிளப் பேரோட அப்படியே போடுவார். கேலரி கிளப்பின் நிக்கி சியானோ, கேலக்ஸி 21-ன் வால்ட்டர் கிப்பன்ஸ் மாதிரி ஆட்கள். ஒரு அறைக்குள்ளே ஐந்நூறு பேருக்கு மட்டும் தெரிஞ்ச ரகசியம், அடுத்த வாரம் நாடு முழுக்க! அங்கே பேப்பர் ஒட்டி மறைச்சாங்க. இங்கே பேப்பரில் போட்டு உடைச்சாங்க. அதே காலம், அதே மாதிரி டான்ஸ் ஃப்ளோர்... குணம்தான் வேற!

மன்குஸோவும் அப்படித்தான். 1975-ல் டி.ஜே.க்களைச் சேர்த்து ‘ரெக்கார்டு பூல்’ ஆரம்பிச்சார். கம்பெனிகள் புதுத் தட்டுகளை அங்கே கொடுக்கும், டி.ஜே.க்கள் பங்கு போட்டுக்குவாங்க. ‘எனக்கு மட்டும்’ங்கிற பேச்சே இல்லை.

118, 119, 120...

மூணாவது ஆள் கொஞ்சம் கணக்கு வாத்தியார் டைப். ஜேம்ஸ் ஹாமில்டன். லண்டன் ‘ரெக்கார்டு மிர்ரர்’ வாரப் பத்திரிகையில் 1975-லிருந்து டிஸ்கோ பத்தி. 1979-ல் ஒரு வேலை ஆரம்பிச்சார். விமர்சனம் எழுதுற ஒவ்வொரு தட்டுக்கும் பக்கத்தில் ஒரு நம்பர். நிமிஷத்துக்கு எத்தனை தாள அடி? இன்னிக்கு எல்லா டி.ஜே.யும் பேசுற ‘பி.பி.எம்.’ அதுதான். நிஜ டிரம்மர் வாசிச்ச பாட்டில் வேகம் கொஞ்சம் கூடும், குறையும் இல்லையா? அதையும் விட மாட்டார். 117-ல் ஆரம்பிச்சு 119-ல் முடியுதுன்னா அப்படியே எழுதுவார்.

இது எதுக்குன்னா, ரெண்டு தட்டை ஒட்டு தெரியாமல் சேர்க்க. டி.ஜே.க்கள் கும்பிடுற டெக்னிக்ஸ் 1200 மார்க்-2 டர்ன்டேபிள், அதே 1979-ல் வந்தது. அதில் வேகத்தை 8 சதவிகிதம் கூட்டலாம், குறைக்கலாம். 118 பாட்டையும் 122 பாட்டையும் ஜோடி சேர்க்கலாம். 100-ஐயும் 125-ஐயும் சேர்த்தா? டமால்! ஏதோ ஒரு சின்ன ஊரில் கல்யாண ஹாலில் பாட்டுப் போடுற பையனுக்கும், லண்டன் கிளப் டி.ஜே.க்கும் ஒரே கணக்கு நோட்டைக் கொடுத்தார் ஹாமில்டன். 1996-ல் அவர் இறக்கும் வரைக்கும் இதே வேலைதான்.

நீங்களும் செஞ்சு பார்க்கலாம். பிடிச்ச பாட்டைப் போடுங்க. 15 செகண்டுக்குக் காலைத் தட்டி எண்ணுங்க. நாலால் பெருக்குங்க. 30 வந்தா 120 பி.பி.எம். பக்கா டிஸ்கோ வேகம்!

ஒரு பேரைப் பிடிச்சுக்கிட்டுப் போங்க

சரி, இந்தப் பத்திரிகைகளை எப்படிப் படிக்கணும்? ஸ்டார் எத்தனை கொடுத்திருக்காங்கன்னு பார்க்காதீங்க. சின்ன எழுத்தில் இருக்கிறதைப் பாருங்க. எழுதினவர் யார், தயாரிச்சவர் யார், லேபிள் எது. ஒரே ஒரு உதாரணம். நம்ம ட்ராக் 07!

‘ஆர் யூ மை உமன்’ பாட்டை எழுதி, முன்னணியில் பாடினவர் யூஜின் ரெக்கார்டு. (பேரே ரெக்கார்டு, என்ன பொருத்தம்!) லேபிள், பிரன்ஸ்விக். ‘கிரேஸி இன் லவ்’ பாட்டில் எழுதியவர்கள் வரிசையில் பியான்ஸே, ஜே-ஸீ பேர்களோட இவர் பேரும் உண்டு. சரி, இந்த யூஜின் வேற என்ன பண்ணினார்? 1972-ல் அமெரிக்காவில் நம்பர் ஒன் ஆன ‘ஓ கேர்ள்’. அதுக்கு முந்தின வருஷம் ‘ஹேவ் யூ ஸீன் ஹர்’. இந்த ரெண்டாவதை அவரோட சேர்ந்து எழுதினது, பார்பரா அக்லின்.

பார்பரா அக்லின் யார்? அவரும் பிரன்ஸ்விக் பாடகிதான். யூஜினும் சன்னி சாண்டர்ஸும் எழுதிய ‘ஆம் ஐ த சேம் கேர்ள்’ பாட்டைப் பாடினார். கம்பெனி என்ன பண்ணிச்சு தெரியுமா? அவர் குரலை எடுத்துட்டு, அந்த இடத்தில் பியானோ வெச்சு, ‘யங்-ஹோல்ட் அன்லிமிட்டெட்’ குழு பேரில் ‘சோல்ஃபுல் ஸ்ட்ரட்’ன்னு 1968-ல் விட்டாங்க. அது அமெரிக்காவில் நம்பர் 3 வரைக்கும் போனது! அக்லின் குரலோட பாட்டு 1969-ல்தான் வந்தது. அந்த அளவுக்கு ஓடலை.

ரெண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்க. பியானோ வர்ற இடத்தில் அந்தப் பெண் குரல் இருந்திருக்கணும்னு தெரிஞ்சதும், பாட்டே வேற மாதிரி கேட்கும். சந்தோஷமான பாட்டுதான். ஆனா எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்டையில் ஏதோ சிக்கும். பார்த்தீங்களா... ஒரே ஒரு பேரைப் பிடிச்சுக்கிட்டு வந்ததுக்கு அஞ்சு பாட்டு, ஒரு கம்பெனி, ஒரு அநியாயம்!

பத்திரிகையும் தப்பு பண்ணும்

எல்லாரும் மகான்கள்னு நான் சொல்லலை. விளம்பரம் கொடுக்கிற கம்பெனியின் தட்டைத் தூக்கி வெச்சு எழுதுறது பத்திரிகை உலகத்தில் நடக்காத விஷயமா என்ன? ‘அரிய தட்டு’ன்னு பத்தியில் ஒரு வார்த்தை வந்தா மறுநாளே விலை ஏறும். பாட்டே பிடிக்காமல், அரிதுங்கிறதுக்காகவே வாங்கிப் பூட்டி வைக்கிற கூட்டமும் இப்படித்தான் வளர்ந்தது. அதனால் ஒரு பத்தி எழுத்தாளரைப் பிடிச்சா, முதல்ல அவர் சொன்ன அஞ்சு பாட்டைக் கேட்டுப் பாருங்க. மூணு பிடிச்சா, அவர் உங்க ஆள். ஒண்ணுகூடப் பிடிக்கலைன்னாலும் அவர் உபயோகம்தான். அவர் திட்டுறதை எல்லாம் தேடிக் கேளுங்க!

‘பாட்டு ஆப் தானா சஜஸ்ட் பண்ணுதே, எதுக்கு இதெல்லாம்?’னு கேட்பீங்க. நல்ல கேள்வி. ஆப் நீங்க ஏற்கெனவே கேட்டதை வெச்சு அடுத்ததைக் கொடுக்கும். ஏன் கொடுத்தேன்னு சொல்லாது. அலெட்டியோ, கோடினோ ‘இதை நான் எங்கே கேட்டேன், ஏன் ஆடினேன்’ன்னு தன் பேரைப் போட்டு எழுதினாங்க. தப்புன்னா சட்டையைப் பிடிக்கலாம். அதுதான் வித்தியாசம்.

அலெட்டியின் பத்திகள் 2009-ல் ‘த டிஸ்கோ ஃபைல்ஸ்’னு புத்தகமாவே வந்திருக்கு. பழைய பில்போர்டு இதழ்கள் கூகுள் புக்ஸில் இலவசமாப் புரட்டக் கிடைக்கும். கோடின் 2004-ல் இறக்கும் முன்னாடி, யாரும் கண்டுக்காத சோகமான சோல் பாட்டுகளைத் தேடி நாலு தொகுப்பு போட்டுட்டுப் போனார். பேர் ‘டீப் சோல் ட்ரெஷர்ஸ்’. ராத்திரி தனியாக் கேட்காதீங்க, அழுதுடுவீங்க.

ஒரு கன்ஃபெஷன்

ஃப்ளாஷ்பேக்கில் ஒரு சீனை நான் கட் பண்ணிட்டேன். இப்போ சொல்லிடறேன்.

நான் ஃபைனல் இயர் வந்தப்போ, அந்த எம்பி3 சி.டி. என் கைக்கு வந்திருந்தது. எனக்கு ட்ராக் 07-ன் பேர் தெரியும். ஃபர்ஸ்ட் இயர் பையன் ஒருத்தன் ராத்திரி என் ரூம் வாசலில் நின்னு, “அண்ணா, இது என்ன பாட்டுண்ணா?”ன்னு கேட்டான். நான் என்ன சொல்லியிருப்பேன்னு நினைக்கிறீங்க?

“அது சஸ்பென்ஸ்டா தம்பி.”

ஆமா. நானும் லேபிள் மேலே பேப்பர் ஒட்டினவன்தான்.

பல வருஷம் கழிச்சு, ஒரு ஃப்ரெண்ட் கல்யாணத்தில் பந்திக்கு வெயிட் பண்ணிக்கிட்டிருந்தேன். பின்னாடியிருந்து யாரோ டிரம்பெட் மாதிரி வாயால் ஊதுற சத்தம். திரும்பினா, அதே பையன். தலையில் கொஞ்சம் வழுக்கை, இடுப்பில் ஒரு குழந்தை. “அண்ணா, அந்த ட்ராக் 07... இப்பவாவது பேரைச் சொல்லுங்கண்ணா. ஹார்டு டிஸ்க் போயிடுச்சு. பியான்ஸே பாட்டைக் கேட்கும்போதெல்லாம் உங்க ஞாபகம்தான் வருது.” சிரிச்சுக்கிட்டுத்தான் கேட்டான். எனக்குத்தான் சிரிப்பு வரலை.

அங்கேயே, சாப்பாட்டு டோக்கனுக்குப் பின்னாடி எழுதிக் கொடுத்தேன். குழு, பாட்டு, லேபிள், வருஷம். கீழே, ‘பார்பரா அக்லினையும் கேள்’னு ஒரு வரி. அன்னிக்கு ராத்திரியே மெசேஜ் வந்தது. “அண்ணா, அந்தப் பியானோ பாட்டு... பாவம்ணா அந்தப் பொண்ணு.”

இந்த வார ஹோம்வொர்க் ரொம்ப ஈஸி. உங்க போனில் நீங்க அடிக்கடி கேட்கிற ஒரு பாட்டை எடுங்க. எழுதினது யார், இசைச்சது யார்னு தேடுங்க. அதில் உங்களுக்குத் தெரியாத ஒரு பேரைப் பிடிச்சுக்கிட்டு அடுத்த பாட்டுக்குப் போங்க. கண்டுபிடிச்சதை உங்க ரூம்மேட்டுக்கு ஒரு பேப்பரில் எழுதிக் கொடுங்க. முழுப் பேரோட!

யாராவது ரூம் வாசலில் நின்னு, “இது என்ன பாட்டு?”ன்னு கேட்டா... சஸ்பென்ஸ் வைக்காதீங்க பாஸ்.

அடுத்த வாரம் பார்க்கலாமா?